கூடுதல் ஆதாரம் அனுப்பிய பிறகு 113 நாள்: ஒரு வாழ்க்கைத்துணை மனுவின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

மனுதாரர் டெக்சாஸில் வேலை பார்க்கும் மென்பொருள் ஊழியர், அமெரிக்கக் குடியுரிமை பெற்றவர். மனைவி திருநெல்வேலிப் பக்கம் ஒரு பள்ளியில் ஆசிரியை. அவருக்கு இது முதல் திருமணம், கணவருக்கு இரண்டாவது. கணவரின் முதல் திருமணம் கோயம்புத்தூர் குடும்ப நீதிமன்றத்தில், இந்து திருமணச் சட்டம் 13பி பிரிவின்படி, இருவர் சம்மதத்தோடு 2021 செப்டம்பரில் முடிவுக்கு வந்தது. அதிலிருந்து 61-ஆம் நாள், நவம்பரில், மறுமணம். கோயிலில் தாலி கட்டி 11-ஆம் நாளே சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவும் செய்துவிட்டார்கள். தமிழ்நாட்டின் 2009-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டம் 90 நாள் தருகிறது. கணவர் ஊரில் இருக்கும்போதே பதிவை முடித்தது நல்ல முடிவு. அவர் அமெரிக்கா திரும்பியபோது இருவரும் ஒரே வீட்டில் இருந்தது மொத்தம் 23 நாள்.

2022 ஜூனில், மனைவியை அமெரிக்காவில் குடியேற்றக் கோரும் ஐ-130 மனு அமெரிக்கக் குடியேற்ற அலுவலகத்துக்கு இணையவழியில் போனது. அன்றைய கட்டணம் 535 டாலர். 2024 ஏப்ரலிலிருந்து இணையவழிக்கு 625, காகிதத்தில் 675 என்று மாறியிருக்கிறது. குடியுரிமை பெற்றவரின் மனைவி என்பதால் ஆண்டுக்கு இத்தனை விசா என்ற வரம்பு இவர்களுக்குக் கிடையாது. வரிசை என்றால் அது அலுவலகத்தில் அடுக்கியிருக்கும் கோப்புகளின் வரிசை மட்டும்தான்.

முதல் மனுவோடு போனவை

திருமணப் பதிவுச் சான்றிதழ், கணவரின் குடியுரிமைச் சான்றிதழ், மனைவியின் விவரங்களைத் தரும் ஐ-130ஏ படிவம், இருவரின் பாஸ்போர்ட் புகைப்படங்கள், கல்யாணப் படங்கள் 6, விவாகரத்து உத்தரவைக் கைப்பேசியில் எடுத்த படம் 2 பக்கம், 2021-ஆம் ஆண்டு வருமான வரிக் கணக்கின் நகல். இவ்வளவுதான்.

இதில் மூன்று ஓட்டைகள் இருந்தன. விவாகரத்து உத்தரவு 9 பக்கம். போனது முதல் பக்கமும் கடைசிப் பக்கமும். அதில் நீதிமன்ற நகல் பிரிவின் முத்திரையும் இல்லை. மனைவியின் பெயர் பாஸ்போர்ட்டில் தந்தை பெயரோடு ஒரே சரமாக, குடும்பப் பெயர் கட்டம் காலியாக இருந்தது. பதிவுச் சான்றிதழில் ஓர் எழுத்து இனிஷியல், ஆதாரில் இனிஷியல் பின்னால். நம்மூரில் யாரும் திரும்பிப் பார்க்காத வேறுபாடு இது. கோப்பை மட்டும் பார்க்கும் அதிகாரிக்கோ மூன்று பெண்கள்.

மூன்றாவது ஓட்டையைக் கணவரே தோண்டிக் கொடுத்தார். 2021 வரிக் கணக்கில் அவர் தன்னை 'மணமாகாதவர்' என்று காட்டியிருந்தார். மனைவி அமெரிக்காவில் இல்லை, சமூகப் பாதுகாப்பு எண்ணும் இல்லை, ஆகவே அப்படித்தான் போட வேண்டும் என்று நினைத்திருக்கிறார். அமெரிக்க வரிச் சட்டம் பார்ப்பது டிசம்பர் 31 அன்று மணமானவரா இல்லையா என்பதை மட்டுமே. மனைவி எந்த நாட்டில் இருக்கிறார் என்பது கணக்கே இல்லை. நவம்பரில் கல்யாணம் ஆனவர் டிசம்பர் 31 அன்று மணமாகாதவர் என்று எழுதித் தந்த தாளை, கல்யாணத்துக்கு ஆதாரமாக இணைத்திருந்தார்.

கோரிக்கை கேட்டது என்ன

மனு போட்டு 10 மாதம் கழித்து, 2023 ஏப்ரலில், எல்லோரும் ஆர்.எஃப்.இ. என்று சொல்லும் கூடுதல் ஆதாரக் கோரிக்கை வந்தது. இணையக் கணக்கில் முதலில் தெரிந்தது. காகிதம் 8 நாள் கழித்துத்தான் தபாலில் வந்தது. கெடுவை எண்ண வேண்டியது நோட்டீஸில் அச்சிட்ட தேதியிலிருந்து. காகிதம் கைக்கு வந்த நாளிலிருந்து எண்ணி 8 நாளைத் தொலைப்பவர்கள் உண்டு.

கேட்டவை: முதல் திருமணம் முடிந்ததற்கான முழுமையான, சான்றிட்ட நீதிமன்ற உத்தரவு; இந்தத் திருமணம் விசாவுக்காகச் செய்ததல்ல என்பதற்கான ஆதாரம்; பெயர் வேறுபாட்டுக்கும் வரிக் கணக்கின் மணநிலைக்கும் விளக்கம்.

கெடு 84 நாள், தபால் வழி அனுப்பிய நோட்டீஸ் என்பதால் கூடுதலாக 3 நாள், ஆக 87. இதற்கு மேல் நீட்டிப்பு தர அதிகாரிக்கே அதிகாரம் இல்லை. இந்த இடத்தில் ஒரு தவறான தகவல் குறுக்கே வந்தது. கோவிட் காலத்தில் கெடு முடிந்து 60 நாள் வரை வரும் பதிலையும் ஏற்றுக்கொண்டார்கள். கணவரின் நண்பர்கள் அதை நினைவில் வைத்து 'நிதானமாகப் போடு' என்றார்கள். அந்தச் சலுகை 2023 மார்ச் 23 வரை தேதியிட்ட நோட்டீஸ்களோடு முடிந்துவிட்டது. இவருடையது ஏப்ரல் தேதி.

இன்னொரு விதி இதைவிட முக்கியமானது. பதில் ஒரே தடவைதான். கேட்டதில் பாதியை அனுப்பினால், 'இருப்பதை வைத்து முடிவு செய்யுங்கள்' என்று மனுதாரரே கேட்டதாக எடுத்துக்கொள்வார்கள். ஒன்றுமே அனுப்பாவிட்டால் மனு கைவிடப்பட்டதாக நிராகரிக்கப்படும். 'இப்போதைக்கு இருப்பதை அனுப்பிவிட்டு மீதியை அப்புறம் பார்க்கலாம்' என்ற பேச்சுக்கு இடமே கிடையாது.

87 நாளைப் பங்கிட்ட விதம்

எது அதிக நாள் எடுக்குமோ அதை முதலில் தொடங்குவது என்று முடிவானது. அது கோயம்புத்தூர். குடும்ப நீதிமன்றத்தின் நகல் பிரிவில் கணவரின் வழக்கறிஞர் நகல் மனு போட்டார். ஃபேர் அண்ட் டிக்ரீட்டல் ஆர்டர் என்று நீதிமன்றப் பேச்சில் சொல்லும் உத்தரவு முழுவதும், வழக்கு எண், நீதிபதியின் கையொப்பம், நகல் முத்திரையோடு கைக்கு வர 36 நாள் ஆனது. நடுவில் கோடை விடுமுறை வேறு. கோரிக்கை வந்து ஒன்றரை மாதம் சும்மா இருந்துவிட்டு இந்த வேலையைத் தொடங்கியிருந்தால் கெடுவின் விளிம்பில்தான் கிடைத்திருக்கும்.

61 நாள் இடைவெளியை அதிகாரி நேரடியாகக் கேட்கவில்லை. ஆனாலும் அதற்குப் பதில் எழுதுவது என்று தீர்மானித்தார்கள். விவாகரத்துக்குப் பிறகு மேல்முறையீட்டுக் காலம் முடியாமல் மறுமணம் செய்யக் கூடாது என்று இந்து திருமணச் சட்டத்தின் 15-ஆம் பிரிவு சொல்கிறது. அதே பிரிவு, மேல்முறையீட்டு உரிமையே இல்லாத இடத்தில் காத்திருக்க வேண்டியதில்லை என்றும் சொல்கிறது. குடும்ப நீதிமன்றம் இருவர் சம்மதத்தோடு தந்த உத்தரவுக்கு மேல்முறையீடு இல்லை என்பது குடும்ப நீதிமன்றங்கள் சட்டம் 19(2). இந்த இரண்டையும் சுட்டி வழக்கறிஞர் அரைப் பக்கக் கடிதம் தந்தார். கேட்காத கேள்விக்குப் பதில் எழுதுவது பொதுவாக வம்பை விலைக்கு வாங்குவது. இங்கே எழுதியதற்குக் காரணம், புதிதாக அனுப்பும் முழு உத்தரவிலேயே தேதி பளிச்சென்று தெரியும். பார்த்ததும் இந்தக் கேள்விதான் எழும்.

வரிக் கணக்கைத் திருத்துவதில் இரண்டு வழிகள் இருந்தன. கூட்டுக் கணக்கு போட்டால் வரி குறையும். ஆனால் மனைவியின் இந்திய வருமானமும் அமெரிக்கக் கணக்குக்குள் வரும், அவருக்கு ஐ.டி.ஐ.என். (சமூகப் பாதுகாப்பு எண் இல்லாதவருக்கான வரி எண்) வாங்க வேண்டும், அதற்கு வாரக்கணக்கில் ஆகும். 'மணமானவர், தனிக் கணக்கு' என்று போட்டால் மனைவியின் எண் கேட்கும் இடத்தில் 'என்.ஆர்.ஏ.', அதாவது அமெரிக்காவில் வசிக்காத அயல்நாட்டவர், என்று எழுதினால் போதும். இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தார்கள். தனிக் கணக்கைக் கூட்டுக் கணக்காக மாற்ற 3 ஆண்டு அவகாசம் இருப்பதால் இழப்பு பெரிதில்லை. 2021-க்கு 1040-எக்ஸ் திருத்தக் கணக்கு, பதிவுத் தபாலில் போனது. அதைச் சரிபார்த்து முடிக்க வரித்துறை 16 வாரம் வரை எடுக்கக்கூடும். 87 நாளுக்குள் முடிவு வராது என்பது தெரிந்ததே. எனவே திருத்தக் கணக்கின் நகல், தபால் ரசீது, கூடுதல் வரி கட்டிய வங்கிப் பதிவு, தவறு எப்படி நேர்ந்தது என்று கணவர் உண்மை உறுதிமொழியோடு எழுதிய ஒரு பக்கம் ஆகியவை ஆதாரமாயின. 2022 கணக்கு அப்போது இன்னும் போடப்படவில்லை. அது முதலிலேயே சரியான மணநிலையோடு போனது.

பெயருக்கு, 'இந்த மூன்று பெயரும் ஒருவரையே குறிக்கும்' என்று நோட்டரி முன் மனைவி தந்த பிரமாணப் பத்திரம். பிரமாணப் பத்திரம் மட்டும் போனால் வெறும் வாய்ச்சொல். பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல், தந்தையின் ஆதார் இரண்டையும் சேர்த்ததும் இனிஷியல் எந்தப் பெயரின் சுருக்கம் என்பது தாளிலேயே தெரிந்தது. தமிழர் பெயரில் தந்தை பெயர் எப்படி இனிஷியலாகிறது என்று நான்கு வரியில் ஒரு விளக்கமும் வைத்தார்கள். அதிகாரிக்கு அது தெரிந்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

உறவு உண்மையானது என்று காட்டுவது

சில வாரங்கள்தான் சேர்ந்திருந்த தம்பதியிடம் கூட்டு வீட்டுக் கடனும் கூட்டு மின்கட்டண ரசீதும் இருக்காது. சட்டம் கேட்கும் அளவும் சந்தேகத்துக்கு இடமில்லாத நிரூபணம் அல்ல. உண்மையாக இருக்கவே வாய்ப்பு அதிகம் என்று தோன்றினால் போதும். இருப்பதை ஒழுங்காக அடுக்குவதுதான் வேலை.

பணம் அனுப்பிய பதிவு 17 மாதத்துக்கு இருந்தது. மாதத்துக்கு ஒரு வரி என்று அட்டவணை போட்டு, பின்னால் வங்கி அறிக்கை. கணவரின் நிறுவன ஓய்வூதியக் கணக்கிலும் ஆயுள் காப்பீட்டிலும் பயனாளி யார் என்று பார்த்தபோது அம்மாவின் பெயரே இருந்தது. அதை மனைவிக்கு மாற்றினார்கள், மாற்றிய தேதி ஆர்.எஃப்.இ.-க்குப் பிந்தையது என்பதை மறைக்கவில்லை. இப்படிப் பின்னால் செய்த மாற்றத்துக்கு எடை குறைவு. அதற்காக விட்டுவிடவும் வேண்டியதில்லை. அதையே தலைமை ஆதாரமாக முன்னால் வைப்பதுதான் தவறு. 2022 டிசம்பரில் கணவர் மூன்று வாரம் ஊருக்கு வந்து போயிருந்தார். பாஸ்போர்ட் முத்திரை, விமானச் சீட்டு, இருவர் பெயரிலும் இருந்த கொடைக்கானல் விடுதி ரசீது: இவைதான் கோப்பின் முதுகெலும்பு, ஏனென்றால் யாரும் கேட்பதற்கு முன்பே நடந்தவை.

அழைப்புப் பதிவை முழுதாக அச்சிட்டால் 400 பக்கத்தைத் தாண்டியது. மாதத்துக்கு ஒரு பக்கம் என்று சுருக்கினார்கள். வாட்ஸ்அப் உரையாடலில் வேறு சிக்கல். இருவரும் தமிழை ரோமன் எழுத்தில் தட்டுபவர்கள். எழுத்து ஆங்கிலமானாலும் மொழி ஆங்கிலம் இல்லையே. மொழிபெயர்ப்பு இல்லாமல் போனால் அந்தப் பக்கங்கள் வீண். 12 பக்கம் தேர்ந்தெடுத்தார்கள்: கல்யாணச் செலவுக் கணக்கு, மாமனாரின் இதய அறுவை சிகிச்சை நாள், பள்ளியில் மனைவிக்கு நடந்த ஒரு தகராறு, வீட்டு வாடகை. காதல் வசனங்களை விட்டுவிட்டார்கள். 'தூக்க மாத்திரைய அப்பாவுக்கு எத்தன மணிக்கு குடுத்தீங்க' என்ற கேள்வியை விசாவுக்காக யாரும் ஜோடிப்பதில்லை.

மொழிபெயர்ப்பாளருக்கு உரிமம் தேவையில்லை. மொழிபெயர்ப்பு முழுமையானது, சரியானது, இரு மொழியும் தனக்குத் தெரியும் என்று அவர் கையெழுத்திட்டுச் சான்று தர வேண்டும். மனுதாரரே மொழிபெயர்க்கக் கூடாது என்று விதியில் எங்கும் இல்லை. ஆனாலும் தொடர்பில்லாத ஒருவர் செய்தது பாதுகாப்பு.

பிரமாண வாக்குமூலம் இரண்டு. ஒன்று கணவரின் அத்தை, மற்றொன்று மனைவியோடு வேலை பார்க்கும் ஆசிரியை. முழுப் பெயர், முகவரி, பிறந்த நாளும் இடமும், தம்பதியோடு என்ன உறவு, இந்தத் திருமணம் உண்மை என்று எப்படித் தெரியும் என எல்லாம் இருக்க வேண்டும். அத்தையின் முதல் வரைவு 'இருவரும் ஒற்றுமையாக வாழ்கிறார்கள்' என்ற அளவில் நின்றது. பெண் பார்க்கப் போன நாள், யார் யார் வந்தார்கள், நிச்சயத்தில் என்ன பேச்சு நடந்தது என்று திருத்தி எழுதிய பிறகுதான் அது ஆதாரமானது.

படங்கள் 24, ஒவ்வொன்றின் கீழும் தேதி, இடம், இருப்பவர்கள் யார்.

பதில் போன நாள்

மொத்தம் 94 பக்கம், 7 பி.டி.எஃப். கோப்புகள். மேலே ஆர்.எஃப்.இ. நோட்டீஸ், பிறகு இரண்டு பக்கக் கடிதம், பொருளடக்கம், கேட்ட வரிசையிலேயே ஆதாரங்கள். இணையக் கணக்கு ஒரு கோப்புக்கு 12 எம்.பி. வரைதான் ஏற்கும். முதலில் வண்ணத்தில் 600 டி.பி.ஐ.-யில் ஸ்கேன் செய்த விவாகரத்து உத்தரவு 31 எம்.பி. ஆனது. 300-க்குக் குறைத்து மறுபடி எடுத்தபோது முத்திரையும் படிக்க முடிந்தது, அளவும் அடங்கியது.

ஏற்றும் இடத்திலும் ஒரு வழுக்கல். கணக்கில் இரண்டு வாசல்கள் இருக்கின்றன: கோரிக்கைக்குப் பதில் தரும் பக்கம் ஒன்று, கேட்காமலே ஆதாரம் சேர்க்கும் பக்கம் இன்னொன்று. இரண்டாவதில் ஏற்றினால் கோப்பு போகும். ஆனால் கோரிக்கைக்குப் பதில் வந்ததாகப் பதிவாகாது, கெடு ஓடிக்கொண்டே இருக்கும். முதல் கோப்பை மனுதாரர் அந்தத் தவறான பக்கத்தில்தான் திறந்திருந்தார். அனுப்பும் முன் கவனித்து மாற்றினார். 71-ஆம் நாள் சரியான பக்கத்தில் எல்லாம் ஏறி, கடைசிப் பொத்தானும் அழுத்தப்பட்டு, உறுதிப் பக்கம் படமெடுத்து வைக்கப்பட்டது. 16 நாள் மிச்சம் வைத்தது கணினி, இணையம், வழக்கறிஞர் என்று எதுவும் கவிழலாம் என்பதற்காக.

காத்திருப்பு

மறுநாளே ஸ்டேட்டஸ் மாறியது: கோரிக்கைக்கான பதில் கிடைத்தது, மனு மீது மீண்டும் வேலை தொடங்கியிருக்கிறது என்று. இந்த வாசகத்தைப் படித்து ஓரிரு வாரத்தில் முடிவு என்று எதிர்பார்ப்பது வழக்கம். வாசகம் சொல்வது கோப்பு மறுபடி வரிசைக்கு வந்தது என்பதை மட்டுமே. அதிகாரியின் மேசைக்கு வந்தது என்று எங்கும் சொல்லவில்லை.

கணக்கை எப்படி வைப்பது என்பதற்கு விதியில் ஒரு குறிப்பு உண்டு. முதலிலேயே தந்திருக்க வேண்டிய கட்டாய ஆவணம் இல்லாததால் கோரிக்கை வந்திருந்தால், மனுவைக் கையாளும் காலக் கணக்கு பதில் கிடைத்த நாளிலிருந்து புதிதாகத் தொடங்கும். கூடுதல் ஆதாரம் மட்டுமே கேட்டிருந்தால் கடிகாரம் நின்ற இடத்திலிருந்து தொடரும். முழு விவாகரத்து உத்தரவு முதல் வகை, உறவின் ஆதாரம் இரண்டாம் வகை. இவர்களுக்கு இரண்டும் கலந்திருந்தது. ஐ-130-ஐ இத்தனை நாளில் முடித்தே தீர வேண்டும் என்ற கட்டாயக் கெடு இல்லாததால் இந்த வேறுபாட்டை வைத்து வாதாட முடியாது. எதிர்பார்ப்பைச் சரியான அளவில் வைத்துக்கொள்ளத்தான் உதவும். கணவர் '10 மாதம் ஏற்கெனவே போய்விட்டதே' என்று எண்ணிக்கொண்டிருந்தார். அந்த 10 மாதம் தன் பக்கத்துக் குறையால் வரவில் வராமல் போகலாம் என்பதை ஏற்க அவருக்குச் சில வாரம் ஆனது.

பதில் போன நாளிலிருந்து எண்ணினால், நாள் 1 முதல் 47 வரை ஒன்றும் இல்லை. 48-ஆம் நாள், கணக்கில் 'கடைசியாகப் புதுப்பித்த தேதி' மாறியது, வாசகம் மாறவில்லை. இதற்குப் பொருள் தேடிக் கணவர் இரண்டு நாள் செலவழித்தார். கோப்பு ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்குப் போயிருக்கலாம், கணினி பராமரிப்பாக இருக்கலாம். கிளி எடுத்துத் தரும் சீட்டுக்கும் இதற்கும் பெரிய வித்தியாசமில்லை.

60-ஆம் நாள் ஒரே ஒரு விசாரணை செய்தார்கள். அலுவலகத்தின் இணையப் பக்கத்தில், மனு போட்ட தேதியைக் கொடுத்தால் எந்த நாளுக்குப் பிறகு கேள்வி கேட்கலாம் என்று காட்டும். அந்த நாள் இன்னும் வரவில்லை. தொலைபேசியில் பேசிய ஊழியரும் அதையே படித்துச் சொன்னார். அந்த நாள் வரும்வரை கூப்பிடுவதில்லை என்று முடிவெடுத்தது அன்றுதான். முதல் நிலை ஊழியர் பார்ப்பது நமக்குத் தெரியும் அதே திரையைத்தான்.

செய்யாமல் விட்ட மற்றவை: விரைவு கோரிக்கை போடவில்லை. கடுமையான பண இழப்பு, அவசர மனிதாபிமானக் காரணம் போன்றவற்றுக்குத்தான் அது. பிரிந்திருப்பது எல்லா மனுவுக்கும் பொது, தனிக் காரணம் ஆகாது. மனைவி சுற்றுலா விசாவுக்கு விண்ணப்பிக்கவில்லை. நிலுவையில் உள்ள குடியேற்ற மனுவை அந்த விசாவுக்கான டி.எஸ்-160 படிவத்தில் சொல்லியாக வேண்டும், சொன்னால் 214(பி) மறுப்பு, அதாவது அங்கேயே குடியேறிவிடுவார் என்ற சந்தேகத்தில் வரும் மறுப்பு, வரவே வாய்ப்பு அதிகம், அந்த மறுப்பு பிறகு எல்லாப் படிவத்திலும் கூடவே வரும். முடிவெடுக்கும்படி அலுவலகத்துக்கு உத்தரவிடக் கோரும் மாண்டமஸ் வழக்கு பற்றி நண்பர் ஒருவர் சொன்னார். நியாயமற்ற தாமதம் என்று காட்ட இரண்டு மூன்று மாதம் போதாது; நீதிமன்றக் கட்டணமும் வழக்கறிஞர் செலவும் வேறு. கல்யாண நாள் படம், தீபாவளிப் படம் என்று புதிது புதிதாக ஏற்றும் ஆசையும் அடக்கப்பட்டது. அவற்றை ஒரு கோப்பில் சேர்த்து வைத்தார்கள், நேர்காணலுக்கு.

செய்த ஒன்று: 64-ஆம் நாள் கணவர் வாடகை வீடு மாறினார். அன்றே இணையக் கணக்கில் இந்த மனுவுக்கான முகவரி மாற்றப்பட்டது. தபால் நிலையத்தில் திருப்பிவிடச் சொன்னால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். குடியேற்ற அலுவலகக் கடிதங்கள் பெரும்பாலும் திருப்பிவிடாமல் அனுப்புநருக்கே போய்விடும்.

90-ஆம் நாள், கணவர் வசிக்கும் தொகுதியின் அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினரின் அலுவலகத்துக்கு எழுதினார்கள். கையெழுத்திட்ட தனியுரிமை ஒப்புதல் படிவம் இல்லாமல் அந்த அலுவலகம் எதையும் கேட்க முடியாது. 13 நாள் கழித்து, 'பரிசீலனையில் உள்ளது' என்ற ஒற்றை வரிப் பதில் வந்தது. 113-ஆம் நாள், 2023 அக்டோபரில், மனு ஏற்கப்பட்டது. கடிதம் எழுதியதால்தான் என்று கணவர் இன்றும் நம்புகிறார். அப்படிச் சொல்லக் கோப்பில் எதுவும் இல்லை.

அந்த நாட்களில் ஊரில் நடந்த வேலை

மனைவி சும்மா இருக்கவில்லை. ஒப்புதல் வந்த பிறகு கிடைத்த லாபம் பெரும்பாலும் அவர் செய்ததால் வந்தது. அவருடைய பிறப்புச் சான்றிதழில் பெயர் இல்லை. 'பெண் குழந்தை' என்று மட்டும் இருந்தது, பெற்றோர் பெயரோடு. தமிழ்நாட்டில் அந்தக் காலச் சான்றிதழ்களில் இது சாதாரணம். பெயர் வைப்பதற்கு முன்பே பதிவு நடந்துவிடும். நகராட்சியில் பள்ளிச் சான்றிதழைக் காட்டிப் பெயர் சேர்த்து புதிய நகல் வாங்க 5 வாரம் ஆனது.

அடுத்தது பாஸ்போர்ட். குடும்பப் பெயர் கட்டம் காலியாக இருந்தால், அமெரிக்க விசாவில் இருக்கும் பெயர் முழுவதும் குடும்பப் பெயராகி, முதற்பெயர் இடத்தில் 'எஃப்.என்.யு.' என்று விழும். முதற்பெயர் தெரியவில்லை என்று பொருள். அது கிரீன் கார்டு, ஓட்டுநர் உரிமம், வங்கி என்று தொடரும். குடியேற்ற விசாவுக்கான டி.எஸ்-260 படிவம் நிரப்புவதற்கு முன்பே பாஸ்போர்ட்டை மறுவெளியீடு செய்து தந்தை பெயரைக் குடும்பப் பெயராகப் பிரித்தார்கள். எண் மாறியதால் பழைய பாஸ்போர்ட்டையும் பத்திரப்படுத்தினார்கள். பதில் அனுப்புவதற்கு முன் இதைச் செய்திருந்தால் பெயர் விளக்கத்தில் நான்காவது வடிவம் ஒன்று சேர்ந்து குழப்பியிருக்கும். வரிசை சரியாக அமைந்தது.

போலீஸ் சான்றிதழும் மருத்துவப் பரிசோதனையும் வேண்டுமென்றே தள்ளிவைக்கப்பட்டன. இரண்டும் காலாவதியாகும்.

ஒப்புதலுக்குப் பிறகு

கோப்பு நியூ ஹாம்ப்ஷயரில் உள்ள தேசிய விசா மையத்துக்குப் போய், மும்பைத் துணைத் தூதரகத்தைக் குறிக்கும் பி.எம்.பி. என்று தொடங்கும் புதிய எண் வந்தது. சென்னை அதைவிடப் பக்கம் என்றாலும் இவர்களுக்கு நேர்காணல் மும்பையில்தான். கட்டணம் விசாவுக்கு 325 டாலர், ஆதரவு உறுதிமொழிக்கு 120 டாலர். ஆதரவு உறுதிமொழியான ஐ-864-இல் கணவரின் வரிக் கணக்கு மறுபடி கேட்கப்பட்டது. இரண்டு பேர் கொண்ட குடும்பத்துக்கு 2023-இல் காட்ட வேண்டிய குறைந்தபட்ச வருமானம் 24,650 டாலர். அது பிரச்சினையே இல்லை. மணநிலை திருத்தாமல் இருந்திருந்தால் இங்கே அதே கேள்வி மறுபடி எழுந்திருக்கும். 2024 ஜனவரியில் ஆவணங்கள் முழுமை என்று மையம் சொன்னது.

நேர்காணல் 2024 மே மாதம். முதல் கேள்வியே 61 நாள் பற்றியது: விவாகரத்து ஆவதற்கு முன்பே பேசிக்கொண்டிருந்தீர்களா? ஆமாம், மனு நீதிமன்றத்தில் இருந்தபோதே வரன் பார்த்தார்கள் என்று மனைவி உள்ளபடி சொன்னார். ஆர்.எஃப்.இ. பதிலிலும் அப்படியே எழுதியிருந்தது. பிறகு கணவரின் வேலை, டிசம்பர் பயணம், மாமனாரின் அறுவை சிகிச்சை. விசா கிடைத்தது. 235 டாலர் குடியேற்றக் கட்டணம் கட்டி ஜூனில் டாலஸில் இறங்கினார்.

தாமதத்தால் ஒரு நன்மையும் விளைந்தது. அமெரிக்காவுக்குள் நுழையும் நாளில் கல்யாணமாகி 2 ஆண்டு முடியாதிருந்தால் நிபந்தனையுள்ள கிரீன் கார்டுதான், பிறகு ஐ-751 போட்டு நிபந்தனையை நீக்க வேண்டும். இவர்களுக்கு 2023 நவம்பரிலேயே 2 ஆண்டு முடிந்திருந்தது. நிபந்தனை இல்லாத ஐ.ஆர்.1 வகையில் 10 ஆண்டுக் கார்டு வந்தது.

மாற்றிச் செய்ய வேண்டியவை

விவாகரத்து உத்தரவின் சான்றிட்ட நகல் இரண்டு பிரதி, உத்தரவு வந்த மாதத்திலேயே வாங்கியிருக்க வேண்டும். முழு உத்தரவு முதல் மனுவிலேயே இருந்திருந்தால் கோரிக்கை வராமல் இருந்திருக்குமா என்பதை உறுதியாகச் சொல்ல இயலாது, ஆனால் வந்திருந்தாலும் உறவின் ஆதாரமும் விளக்கங்களும் மட்டுமே கேட்டிருப்பார்கள். அவற்றைத் தொகுக்க மூன்று வாரம் போதும்.

வரிக் கணக்கை இணைக்கும் முன் மணநிலைக் கட்டத்தைப் பார்த்திருக்க வேண்டும். ஐ-130-க்கு அது கட்டாய ஆவணமே அல்ல. இணைக்காமல் இருந்திருந்தாலும் ஐ-864 கட்டத்தில் வெளிவந்திருக்கும் என்பதால், மறைப்பது தீர்வல்ல. கல்யாணமான ஆண்டுக் கணக்கைச் சரியாகப் போடுவதே தீர்வு.

நிறுவனக் காப்பீட்டிலும் ஓய்வூதியக் கணக்கிலும் மனைவி பெயரைக் கல்யாணமான மாதமே போடலாம், ஐந்து நிமிட வேலை. 17 மாதம் கழித்துப் போட்டபோது அதன் எடை போய்விட்டது.

பாஸ்போர்ட்டும் பிறப்புச் சான்றிதழும் நிச்சயதார்த்தம் முடிந்ததும் பார்க்க வேண்டியவை. கல்யாணப் பதிவுக்கு முன் பாஸ்போர்ட்டில் பெயர் பிரித்திருந்தால், பதிவுச் சான்றிதழிலும் அதே வடிவத்தை எழுதச் சொல்லியிருக்கலாம். பெயர் குறித்த கேள்வியே வந்திருக்காது.

60-ஆம் நாள் தொலைபேசி அழைப்பைத் தவிர்த்திருக்கலாம். 50 நிமிடம் காத்திருந்து கேட்டது, திரையில் ஏற்கெனவே இருந்த தேதியைத்தான்.